இப்பியும் வெள்ளியும்: ஒளிப்படத்தில் பொய்யொளி காணும் திறன்

ஒளிப்படம் பொய் சொல்லாது என்பது சென்ற தலைமுறையினரின் உறுதியான நம்பிக்கை. ஓவியன் தன் விருப்பத்தைக் கலந்து வரைவான். கதை சொல்பவன் தன் உணர்ச்சியைக் கலந்து சொல்வான். படக்கருவிக்கோ விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆதலின் அது காட்டுவது நிகழ்ந்ததே என்று மக்கள் கொண்டனர். இந்நம்பிக்கை பாதி உண்மையே. கருவிக்கு மனம் இல்லை என்பது மெய். ஆனால் அதற்கு உடம்பு உண்டு. கண்ணாடி வில்லைகள், ஒளிபுகு துளை, ஒளியை உணரும் தகடு, அவற்றைக் காக்கும் மேற்கண்ணாடி ஆகியவை அவ்வுடம்பின் உறுப்புகள். இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் படத்தில் தன் சுவட்டை விட்டுச் செல்லும். உலகத்தின் சுவடு எது, கருவியின் சுவடு எது என்று பிரித்தறிய மாட்டாதவன் படத்தைப் பார்த்தவனே அன்றிப் படித்தவன் ஆகான்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறை வட்டாரத்தின் வடபால் அமைந்த ஊர் தாசேக் கெலுகோர். வயலும் தோட்டமும் இருப்புப்பாதையும் கூடிய இத்தகைய ஊர்களில் இன்று கைப்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. திருவிழா இரவும், பள்ளி விளையாட்டு நாளும், திருமணமும், மழைக்கால மாலை வானமும் நாள்தோறும் படமாகின்றன. அப்படங்களுள் சிலவற்றில் எவரும் நேரில் கண்டிராத ஒளி காணப்படும். கோபுரத்தின் மேல் பச்சைப் புள்ளி ஒன்று மிதக்கும். மழையில் எடுத்த படத்தில் வெண்ணிற உருண்டைகள் பல தோன்றும். தண்டவாளத்தின்மேல் விளக்கில்லாத இடத்தில் விளக்கு எரியும். உடனே இரு கட்சிகள் எழும். ஒரு கட்சியார் அதனைத் தெய்வ ஒளி என்றோ, ஆவி என்றோ, வேற்றுலக ஊர்தி என்றோ சொல்வர். மற்றொரு கட்சியார் ‘எல்லாம் கேமராக் கோளாறு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். நோக்கின், இரு சாராரும் படத்தை ஆராயவில்லை என்பது புலப்படும். முன்னவர் ஆராயாமல் ஏற்றனர். பின்னவர் ஆராயாமல் மறுத்தனர். திறனாய்வின் வேலை இவ்விரண்டுக்கும் இடையிலேதான் தொடங்குகிறது.

மணிமேகலை தரும் அளவுகோல்

தமிழாசிரியர் இவ்வேலைக்குரிய கருவிகளை வேற்றிடத்தில் தேடவேண்டியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதை, வஞ்சி மாநகரில் மணிமேகலை பல்வேறு சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்டறிந்ததைக் கூறுவது. அங்கு அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளைச் சொன்னபின், அறிவு பிறழும் வழிகளையும் எட்டாக வகுத்துரைக்கிறான். அவற்றுள் நான்கு ஒளிப்படத் திறனாய்வுக்கு நேராகப் பொருந்துவன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். மின்னும் இப்பியை வெள்ளியென்று நினைப்பது அதற்கு எடுத்துக்காட்டு. நிற்பது கட்டையோ ஆளோ என்று தடுமாறுவது ஐயம். அவ்வையத்தை ஆராய்ந்து தீர்க்காமல் கட்டையை ஆளென்றே துணிந்துவிடுவது தேராது தெளிதல். கண்ணெதிரே உள்ளதைக் கண்டும் இன்னதென்று அறியாதிருப்பது கண்டுணராமை.

இப்பியின் எடுத்துக்காட்டு எண்ணிப் பார்க்கத்தக்கது. இப்பியில் வெள்ளி இல்லை; ஆனால் ஒளி உண்டு. அதன் உட்புறம் மெல்லிய அடுக்குகளால் ஆனது. அவ்வடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியே வெள்ளிபோல் மின்னுகிறது. எனவே பார்த்தவன் இல்லாத ஒளியைக் காணவில்லை. உள்ள ஒளிக்குத் தவறான காரணம் கற்பித்தான். படத்தில் தோன்றும் பொய்யொளியும் இத்தன்மையதே. பச்சைப் புள்ளி படத்தில் உண்மையாகவே இருக்கிறது. ‘அது இல்லை’ என்று வாதிடுவது வீண். அது எங்கிருந்து வந்தது என்பதே வினா.

பேயுருவின் பிறப்பு

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும் ஒளி முழுவதும் உள்ளே செல்வதில்லை. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் நூற்றில் ஏறத்தாழ 4 பங்கு திருப்பி அனுப்பப்படுகிறது. அவ்வாறு திரும்பிய ஒளி முன்னுள்ள பரப்பில் பட்டு மீண்டும் உள்நோக்கித் திரும்பினால், அதிலும் நூற்றில் 4 பங்கே எஞ்சும். இருமுறை எதிரொளித்து உணர்தகட்டை அடைவது ஆயிரத்தில் 1.6 பங்கு என்று கணக்கிடலாம். சாதாரணப் பொருளின் ஒளியில் இவ்வளவு சிறுபங்கு கண்ணுக்குத் தெரியாது. ஞாயிறோ, இருட்டில் எரியும் தெருவிளக்கோ ஆயின், அச்சிறுபங்கும் சுற்றியுள்ள இருளினும் மிகுந்து விளங்கும். தனித்தனியே நிற்கும் ஆறு வில்லைகள் கொண்ட கருவியில் பரப்புகள் 12. அவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் 66 இணைகள். ஒவ்வோர் இணையும் ஒரு போலியுருவைப் பிறப்பிக்க வல்லது. மேலைநாட்டுப் படக்கலைஞர் இப்போலியுருவுக்குப் பேய் என்றே பெயரிட்டிருப்பது நகைப்புக்குரிய பொருத்தமாகும்.

இக்குறையைக் குறைக்கும் வழி தற்செயலாகவே கண்டறியப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தைச் சேர்ந்த டென்னிஸ் டெய்லர், பழமையால் மங்கிய வில்லை புதிய வில்லையைவிட மிகுதியான ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். மேற்பரப்பில் படிந்த மெல்லிய படலம் எதிரொளியைத் தணித்ததே அதற்குக் காரணம். பின்னர், 1930களில், ஜெர்மனியில் செய்சு நிறுவனத்தைச் சேர்ந்த சுமாகுலா அத்தகைய படலத்தை வேண்டுமென்றே பூசும் முறையை உருவாக்கினார். இன்றைய வில்லைகள் பல படலங்கள் பூசப்பட்டவை. எதிரொளி வெகுவாகக் குறைந்துள்ளது. ஆயினும் முற்றும் ஒழியவில்லை. எஞ்சும் எதிரொளி எல்லா நிறங்களுக்கும் சமமாக இல்லாமையால், பேயுரு பச்சையாகவோ நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றுகிறது. அந்நிறம் தெய்வத்தின் நிறமும் அன்று, ஆவியின் நிறமும் அன்று, பூச்சின் நிறம்.

பேயுருவை அறிவதற்கு ஓர் எளிய வடிவ விதி உண்டு. வில்லைகள் யாவும் ஒரே நடுவச்சில் அமைந்தவை. ஆகவே ஒளிமூலமும், படத்தின் நடுப்புள்ளியும், பேயுருவும் ஒரே நேர்கோட்டில் அமையும். கைப்பேசியில் எடுத்த இரவுப் படங்களில் இவ்விதி தெளிவாக விளங்கும். இருப்புப்பாதை நிலையத்தின் மேடையில் வரிசையாக எரியும் விளக்குகளை எடுத்தால், நடுப்புள்ளிக்கு எதிர்ப்புறத்தில், ஏறக்குறைய அதே தொலைவில், அவ்வரிசை தலைகீழாக மங்கலாகத் தோன்றும். மாணவன் ஓர் அளவுகோலை எடுத்து விளக்கிலிருந்து நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்தாலே போதும், ஐயம் தீரும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: படம் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் நடுப்புள்ளி இடம் மாறியிருக்கும். எனவே மூலப்படமே ஆய்வுக்குரியது.

பிற பொய்யொளிகள்

பொய்யொளிகள் எல்லாம் பேயுரு அல்ல. மழைத்துளி, தூசி, கொசு முதலியவை வில்லைக்கு மிக அருகில் இருக்கும்போது, பிளாஷ் விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும். அவை குவியத்துக்கு மிக முன்னால் இருப்பதால் துளி துளியாகத் தெரியாமல் வட்டத் தட்டுகளாக விரிந்து தெரியும். சிறிய படக்கருவிகளில் விளக்கும் வில்லையும் அடுத்தடுத்து இருப்பதால் இவ்வுருண்டைகள் மிகுதி. அறுவடைக் காலத்தில் வயலோரத்தில் இரவில் எடுக்கும் படத்தில் அவை ஏராளமாகத் தோன்றுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. விளக்கை அணைத்து மீண்டும் எடுத்தால் உருண்டைகள் மறையும்.

விளக்கைச் சுற்றி நாற்புறமும் கதிர்கள் விரிவது மற்றொரு வகை. ஒளிபுகு துளையை அமைக்கும் தகடுகளின் விளிம்பில் ஒளி வளைவதால் அது விளைகிறது. தகடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாயின் கதிர்களும் அத்தனையே. ஒற்றைப்படையாயின் கதிர்கள் இரு மடங்கு. ஆறு தகடுகளுக்கு ஆறு கதிர். ஏழு தகடுகளுக்குப் பதினான்கு. கைப்பேசியின் துளை வட்டமானது; ஆதலின் அதில் தோன்றும் நீண்ட ஒளிக்கீற்று பெரும்பாலும் கைவிரல் எண்ணெய் வில்லையில் படிந்ததன் பயன். துடைத்த தடம் எத்திசையில் உள்ளதோ அதற்குக் குறுக்காக ஒளிக்கீற்று நீளும். சட்டைத் துணியால் மீண்டும் துடைத்தால் கீற்று திசை மாறுவதைக் கண்டு மாணவர் வியக்கலாம்.

ஓடும் தொடர்வண்டியின் சன்னலூடே எடுத்த படத்தில், பெட்டிக்குள் எரியும் விளக்கு வெளியே வானத்தில் மிதப்பதாகத் தெரியும். கருவியை சன்னல் கண்ணாடியோடு ஒட்டவைத்தால் அது அகலும். உணர்தகட்டிலேயே பிறக்கும் குறைகளும் உள. ஒரு புள்ளி பழுதானால் அது எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் ஒளிரும். மின்விளக்குகளில் சில நொடிக்கு நூறுமுறை மினுங்குவதால், வரிவரியாகப் படிக்கும் உணர்தகட்டில் பட்டை பட்டையாக ஒளியும் இருளும் தோன்றும். ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வோர் ஒழுங்கு உண்டு. ஒழுங்கை அறிந்தவனுக்கு அக்குறை மருட்சி தருவதில்லை.

மறுதலைப் பிழை

இவற்றைக் கற்றவுடன் எல்லா ஒளியையும் கருவியின் குறையென்று தள்ளும் மனப்பான்மை எழுவது இயல்பு. அதுவும் பிழையே, மணிமேகலை கூறும் கண்டுணராமை அது. ஞாயிற்றைச் சுற்றிச் சில நாள்களில் பெரிய வட்டம் தோன்றும். உயர்ந்த மென்முகிலில் உள்ள பனிப்படிகங்கள் ஒளியை விலக்குவதால் உண்டாவது அது. அதன் ஆரம் 22 பாகை. நீட்டிய கையின் விரித்த விரல்களுக்கிடையே உள்ள அளவு அதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். இவ்வட்டம் வானத்தில் உண்மையாகவே நிகழ்வது; அடியில் நிற்பவர் அனைவரும் காணக்கூடியது. இதனை வில்லையின் குறையென்று ஒதுக்குபவன் அறிவியலின் பெயரால் ஓர் அழகிய உண்மையை இழக்கிறான்.

அப்படியாயின் உலகின் ஒளியையும் கருவியின் ஒளியையும் வேறுபடுத்துவது எவ்வாறு? மறைத்தல், நகர்த்தல், ஒப்பிடல் என மூன்று சோதனைகளைக் கூறலாம். ஒளிமூலத்தைக் கட்டைவிரலாலோ கூரை விளிம்பாலோ மறைத்தால், வில்லையில் பிறந்த ஒளி மறையும். வானத்தில் உள்ள வட்டம் நிலைத்து நிற்கும். கருவியைச் சிறிது திருப்பினால், பேயுரு காட்சியின்மேல் நழுவிச் செல்லும்; மரத்தின் பின்னுள்ள விளக்கு மரத்தின் பின்னேயே இருக்கும். மூன்றாவதான ஒப்பிடல், நிகழ்ச்சி முடிந்தபின்னும் செய்யத்தக்கது.

மறைத்தல் சோதனையின் ஆற்றலுக்குச் சர் சி. வி. இராமன் செய்த ஆய்வு ஓர் எடுத்துக்காட்டு. ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் எதிரொளிப்பதே என்று பேரறிஞர் ரேலி பிரபு கருதியிருந்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய இராமன், நிக்கல் பட்டகம் ஒன்றைக் கண்முன் வைத்து, நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியைத் தடுத்துவிட்டுக் கடலை நோக்கினார். வானத்தின் நிழல் அகன்றபின்னும் நீலம் எஞ்சியது. முன்னினும் தெளிவாக விளங்கியது. ஆகவே அந்நீலம் நீருக்கே உரியது எனத் துணிந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவ்வறிஞர் ஒளிச்சிதறல் ஆய்வில் மேன்மேலும் ஈடுபட்டு, 1930இல் நோபல் பரிசு பெற்றதை உலகறியும். பெரும் கண்டுபிடிப்புக்குச் செல்லும் வழியில் முதற்படி, எதிரொளியை விலக்கிப் பார்த்த அச்சிறு செயலே.

தொட்டபெட்டாவில் ஒப்பிட்ட ஒளி

ஒப்பிடல் சோதனைக்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. முழு ஞாயிற்று மறைப்பின்போது, கரிய வட்டத்தைச் சுற்றி முத்துநிற ஒளிமுடி தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் இவ்வொளிமுடி பற்றிப் பெரும் ஐயம் நிலவியது. அது ஞாயிற்றுக்கு உரியதா, பூமியின் காற்றில் எழும் கூசொளியா, தொலைநோக்கியின் குறையா என்று அறிஞர் தடுமாறினர். பார்த்தவர் வரைந்த படங்களும் உதவவில்லை. ஒரே நேரத்தில் வரைந்தவையும் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. கட்டையோ ஆளோ என்ற ஐயத்தின் பேருருவம் இது எனலாம்.

1871 டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழு மறைப்பின் பாதை தென்னிந்தியாவின் மேலைக் கரையிலிருந்து நீலகிரி வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றது. மேலைக் கரையில் பேக்கல் கோட்டைப் பக்கத்தில் ஒரு குழுவும், நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியில் மற்றொரு குழுவும் ஒளிப்படம் எடுத்தன. இரண்டு இடங்களுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கடற்கரையின் காற்று வேறு, மலையுச்சியின் காற்று வேறு, கருவிகளும் தனித்தனி. அப்படங்களைப் பின்னர் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, ஒளிமுடியின் கதிர்களும் இடைவெளிகளும் இரண்டிலும் ஒத்திருந்தன. இருவேறு வானங்களின் கூசொளி ஒரே வடிவம் கொள்ளாது. இருவேறு கருவிகளின் குறை ஒரே இடத்தில் விழாது. அதே மறைப்பில் நீலகிரியிலிருந்து நிறமாலை வழியாக நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும் ஒளிமுடி ஞாயிற்றுக்கே உரியது என்ற முடிவுக்கு வந்தார். கருவியின் குறை என ஐயுறப்பட்ட ஓர் ஒளி, ஞாயிற்றின் உறுப்பாக நிலைநாட்டப்பட்டது இவ்வாறே.

இம்முறை தமிழாசிரியருக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் செய்ததும் இதுவே. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1898இல் மணிமேகலையையும் வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர், பல ஊர்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கி, புலவன் சொல் எது, ஏடெழுதியவன் கைப்பிழை எது என்று பிரித்தார். புலவன் சொல் உலகின் ஒளி. எழுத்தாணியின் பிழை வில்லையின் ஒளி. பாடபேதம் காணும் பயிற்சி உடையவன் ஒளிப்படம் காணும் பயிற்சியிலும் பாதி வழி வந்தவன் ஆவான்.

பதிப்பாசிரியர் அறிந்த ஓர் எச்சரிக்கையும் இங்குக் கொள்ளத்தக்கது. ஒரு சுவடியைப் பார்த்து எழுதிய பத்துப் படிகள் ஒத்திருந்தால் அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரே சான்றின் பத்து நிழல்கள். அவ்வாறே ஒரு படம் ஆயிரம் கைப்பேசிகளுக்கு அனுப்பப்பட்டாலும் அது ஒரே படம்தான். ‘எல்லாரிடமும் இந்தப் படம் இருக்கிறதே’ என்பது சான்றன்று. வேறோர் இடத்தில் நின்ற வேறொருவர் வேறொரு கருவியால் எடுத்த படமே இரண்டாவது சாட்சி.

வேற்றுலகிலும் இவ்விதியே செல்லும். 2014 ஏப்ரலில், செவ்வாய்க் கோளில் ஊரும் கியூரியாசிட்டி ஊர்தி அனுப்பிய படமொன்றில் தொடுவானத்தருகே ஒரு வெண்ணொளி எழுவதாகத் தோன்றியது. அங்கே உயிர்கள் ஏற்றிய விளக்கு என்று உலகெங்கும் சிலர் எழுதினர். ஊர்திக்கோ இரு கண்கள். வலக்கண் படத்தில் இருந்த ஒளி, ஏறக்குறைய அதே நொடியில் இடக்கண் எடுத்த படத்தில் இல்லை. பாறையின் பளபளப்போ, உணர்தகட்டைத் தாக்கிய அண்டக்கதிரோ, கருவிக்குள் புகுந்த ஒளியோ காரணமாகலாம் என்று ஆய்வாளர் விளக்கினர். எது என்று ஒன்றைத் துணியாமல் இத்தனை இருக்கக்கூடும் என நிறுத்திக்கொண்டது குறிப்பிடத்தக்கது. தேராது தெளியாமையும் அறிவின் ஒரு கூறு.

குறையே சான்றாதல்

பொய்யொளி எப்போதும் பொய்யே கூறும் என்பதும் இல்லை. 2019 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த வளைய மறைப்பு இதனை அழகாக விளக்குகிறது. அவ்வளையப் பாதை, 1871ஆம் ஆண்டின் பாதையைப் போலவே, பேக்கல் கோட்டை அமைந்த காசர்கோடு மாவட்டத்தையும் நீலகிரியையும் கடந்தது. இலங்கையின் வடபகுதியையும் தொட்டு, கடல் தாண்டி, ஜொகூரின் தஞ்சோங் பியாய் வரை வந்தது. பினாங்கு மாநிலத்தில் மறைப்பு பகுதியளவில் தெரிந்தது. கைப்பேசியை நேரே ஞாயிற்றை நோக்கித் திருப்பினால், அதன் ஒளி மிகுதியால் படத்தில் வெறும் வெள்ளைத் திரளையே காணமுடியும். பிறை வடிவம் சிறிதும் தெரியாது. ஆனால் அத்தகைய படத்தின் மறுபுறத்தில், பச்சையாகவோ நீலமாகவோ, சிறிய பிறையொன்று தலைகீழாகத் தொங்கும். அது நிலாவன்று, வேற்றுக் கோளும் அன்று, வில்லையின் பேயுரு. ஆயிரத்தில் ஒருசில பங்காக ஒளி குன்றியமையால், மூல உருவில் அழிந்துபோன வடிவம் பேயுருவில் பிழைத்து நிற்கிறது. மெய்யென்று கருதிய வெள்ளைத் திரள் உண்மையை மறைக்க, பொய்யென்று ஒதுக்கத்தக்க பேயுரு மறைப்பின் வடிவை அவ்வாறே காட்டுகிறது!

இதனால் பெறப்படும் முடிவு ஆழமானது. மெய், பொய் என்ற இரண்டே பெட்டிகளில் எல்லாவற்றையும் அடைப்பது திறனாய்வாகாது. ஒளி எவ்வழியாக வந்தது என்று அறிந்தவனுக்கு எதிரொளியும் செய்தி கூறும். வழியை அறியாதவனுக்கு நேரொளியும் மயக்கமே தரும்.

தமிழிலக்கணம் வழு, வழுவமைதி என இரண்டைப் பகுத்தது. மரபு பிறழ்வது வழு. பிறழ்ந்ததாயினும் காரணம் நோக்கிச் சான்றோர் ஏற்பது வழுவமைதி. ஒளிப்பதிவுக் கலையிலும் இம்மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. முன்னாளில் வில்லையில் ஞாயிறு பட்டுத் தெறித்த காட்சியைப் பழுதென்று வெட்டி எறிந்தனர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கத் திரைப்படங்கள் சில அதனை வேண்டியே அமைத்தன. வெயிலின் கடுமையையும் சாலையின் உண்மைத் தன்மையையும் அது பார்வையாளருக்கு உணர்த்தியது. இன்று கணினியில் உருவாக்கிய காட்சிகளில், வில்லையே இல்லாதபோதும், வில்லைத் தெறிப்பை வரைந்து சேர்க்கின்றனர். ‘இதைக் கருவி ஒன்று எடுத்தது’ என்று நம்பவைப்பதே அதன் நோக்கம். குறை என்பது மெய்ம்மையின் முத்திரையாக விலைபோகும் காலம் இது. காரணம் நோக்கி ஏற்பது வழுவமைதி. காரணமின்றி அள்ளித் தெளிப்பது மீண்டும் வழுவே.

இன்றைய கடமை

இன்றைய கைப்பேசி ஒரு படத்தை மட்டும் எடுப்பதில்லை. பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து, ஒன்றாக்கி, ஒளியைச் சமன்செய்து, மங்கிய இடத்தைத் தானே தெளிவாக்கித் தருகிறது. 2023இல், ஒரு கைப்பேசி எடுத்த நிலாப்படங்களில் வில்லை கண்டிராத நுணுக்கங்களைக் கருவியின் மென்பொருள் சேர்க்கிறது என்ற சர்ச்சை எழுந்தது. சொல்லிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் கணினிகளும் பெருகிவிட்டன. பழைய குறைகள் வில்லையின் இயல்பால் விளைந்தவை, அவற்றுக்கு வடிவ விதி உண்டு, அளவுகோலால் பிடிக்கலாம். புதிய குறைகள் பார்ப்பவன் எதை விரும்புவான் என்று கணித்துச் செய்யப்படுபவை. ஆகவே பழைய குறைகளை அறியும் பயிற்சி பயனற்றதாகிவிட்டது என்று கருதலாகாது. விளக்குக்கும் பேயுருவுக்கும் உள்ள கோடு நடுப்புள்ளி வழியே செல்லாவிட்டால், அத்தெறிப்பு வரைந்து ஒட்டப்பட்டதோ, படம் வெட்டப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு. இயற்கையான குறையின் ஒழுங்கே செயற்கையின் திருட்டைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வாய்வால் சமய நம்பிக்கைக்கு ஊறு நேரும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குக் காவடி சுமந்து வருபவனின் பத்தி, ஒரு பச்சைப் புள்ளியை நம்பி நிற்பதன்று. வில்லையில் படிந்த விரலெண்ணெயைத் தெய்வத்தின் வரவென்று பரப்புவதே அப்பத்திக்குச் செய்யும் சிறுமை. நாளை அது எண்ணெய் என்று தெரியவரும்போது, இளைஞன் எண்ணெயை மட்டும் கைவிடமாட்டான். தனக்கு அதைச் சொன்னவர்களையும் கைவிடுவான். திருவள்ளுவர் மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்ததும் சிந்திக்கத்தக்கது. உள்ளதை உள்ளவாறு காண்பது அறிவுக்கு மட்டுமன்றி அருளுக்கும் வாயில் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இதற்கென ஆய்வுக்கூடம் எதையும் நாடவேண்டியதில்லை. ஒரு கைப்பேசி, ஒரு மேசை விளக்கு, ஓர் அளவுகோல் போதும். விளக்கைப் படமெடுத்து, பேயுருவைக் கண்டு, கோடு இழுத்து, கருவியைத் திருப்பி, அது நகர்வதைக் காட்டினால், ஒரு பாடவேளையில் மாணவன் ஐயத்திலிருந்து தெளிவுக்குச் செல்லும் வழியைத் தன் கண்ணாலேயே கற்பான். அன்றே மணிமேகலையின் 27ஆம் காதையைத் திறந்து திரியக்கோடலைப் படித்தால், பழைய நூல் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நில்லாது, கையிலுள்ள கருவிக்கு உரையாகவும் விளங்கும்.

2031 மே 21ஆம் நாள் மற்றொரு வளைய மறைப்பின் பாதை தென்னிந்தியாவையும் இலங்கையையும் மலேசியாவையும் கடக்கவிருக்கிறது. இன்று தொடக்கப்பள்ளியில் பயிலும் சிறுவர் அன்று இளைஞராகியிருப்பர். தக்க கண்காப்போடு அவர்கள் வானத்தை நோக்குவர், கைப்பேசியையும் உயர்த்துவர், அவர்தம் படங்களின் மூலையில் சிறிய பச்சைப் பிறை தோன்றும். அதைக் கண்டு அஞ்சுவோரும், கும்பிடுவோரும், எள்ளி நகைப்போரும் அன்றும் இருப்பர். அவர்கள் நடுவே ஒருவன், விளக்கிலிருந்து நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்து, ‘இது ஞாயிற்றின் நிழல், ஆனால் இதன் வடிவம் மெய்’ என்று சொல்வானாயின், அவனுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் இப்பியையும் வெள்ளியையும் பிரித்துக் காட்டியவர் ஆவார்.